த்ருவாவில் சக்தியோடு நடந்தது

1996 மார்ச் 10, ஞாயிறு. மைசூர், விஜயநகர்

பிரான்சிலிருந்து மகள் சக்தி போன் செய்தாள். "சாப்பிட்டீங்களாப்பா?" "ஆச்சு." "வெயில் அடிக்குதுங்களா?" "அடிக்குது." அப்புறம் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வெளிநாட்டு லைனில் கடல் இரைவது போல ஒரு சத்தம் வரும், அதைத்தான் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு நின்றோம்.

கனகா இருந்தவரை போனில் அவள்தான் பேசுவாள். நான் பக்கத்தில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பேன். "அப்பா கேக்கறாரு, குளுருக்கு ஸ்வெட்டர் வாங்கினியான்னு" என்பாள். நான் வாயையே திறந்திருக்க மாட்டேன். ஆனால் கேட்க நினைத்தது அதுதான். அவளுக்கு எப்படியோ தெரியும். சக்தி சின்னப் பெண்ணாக இருந்தபோதும் அப்படித்தான். "அப்பாகிட்ட சொல்லும்மா, டூர் போகணும்." "அவளைப் போகச் சொல்லு." மூன்று பேரும் ஒரே அறையில் இருந்துகொண்டே இப்படி. ஐப்பசியில் கனகா போய்விட்டாள். அவளோடு அந்தப் பாதையும் போய்விட்டது.

வைக்கப் போகும்போது சக்தி சொன்னாள்: "ஜூலைல டெலிவரிங்கப்பா." மழை வரும் என்பது போலச் சொன்னாள்.

"சரி" என்றேன்.

சரியாம். சீ.

மார்ச் 12

பக்கத்து வீட்டு மல்லம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ரிடையர் ஆனவர். இன்றைக்கும் எல்லோரும் அவர் வகுப்புதான். "தாய் இல்லாத பொண்ணு. மொதல் பிரசவம். யார் போறாங்க?" என்றார் கன்னடத்தில். ராமாபுரத்தில் இருக்கும் என் அக்கா கமலம்மாளுக்கு முழங்கால் வீங்கி வாசல் தாண்ட முடியவில்லை என்றேன். "நான் அக்காவைக் கேக்கல. உங்களைக் கேட்டேன்" என்றார்.

ஆம்பளை போய் என்ன செய்வது?

மார்ச் 13

போனால் என்ன செய்வேன். போகாமல் இங்கே என்ன செய்கிறேன்?

மார்ச் 17, ஞாயிறு

நானே போன் செய்தேன். "நான் வரேன்" என்றேன். அவ்வளவு நேரம் யோசித்து வைத்த மற்ற வார்த்தை எதுவும் வரவில்லை.

"எங்கப்பா?"

"அங்கதான். ஜூலைக்கு."

கடல் சத்தம். வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். "வாங்கப்பா" என்றாள். குரல் கம்மியது போலிருந்தது. லைன் கோளாறாகவும் இருக்கலாம்.

மே 5

பாஸ்போர்ட், விசா எல்லாம் வந்துவிட்டன. மல்லம்மா ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்தார். மூன்று நாளும் புளி அதிகம். அக்கா ராமாபுரத்திலிருந்து பிரசவ லேகியம், சுக்குப் பொடி, உரித்துக் காயவைத்த பூண்டு எல்லாம் பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருக்கிறாள். பெட்டியைத் திறந்தால் நாட்டு மருந்துக் கடை வாசனை. இதை அந்த ஊர்க்காரன் பிரித்துப் பார்த்தால் என்ன சொல்லிக்கொள்வது? பொதுப்பணித் துறையில் ஓவர்சியராகப் பாலம் கட்டிய மனிதன் லேகியம் கொண்டு போகிறேன் என்றா?

மே 9, வியாழன். த்ருவா, பிரான்ஸ்

வந்து சேர்ந்தேன். பாரிஸ் விமான நிலையத்தில் மாப்பிள்ளை லூக் நின்றிருந்தார். "வாங்கோ மாமா" என்றார். சக்தி சொல்லிக்கொடுத்திருப்பாள். அதற்கு மேல் அவருக்குத் தமிழ் இல்லை, இருவருக்கும் பொதுவாகக் கொஞ்சம் இங்கிலீஷ்தான். இந்த ஊர் பின்னலாடைக்குப் பெயர் போனது, நம் திருப்பூர் போல. லூக் பின்னல் மிஷின் கம்பெனியில் வேலை. மைசூரில் ஒரு பனியன் ஆலைக்கு மிஷின் பொருத்த வந்தபோது பிரெஞ்சு படித்த பெண் வேண்டும் என்று சக்தியை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். பிறகு நடந்ததெல்லாம் எனக்குக் கனகா வழியாகத் தெரியவந்தது. என் சம்மதமும் கனகா வழியாகவே போனது.

ரயிலில் ஒன்றரை மணி நேரம். பிளாட்பாரத்தில் சக்தி நின்றாள். வயிறு முன்னால், அவள் பின்னால். கட்டிக்கொள்வதா, தலையைத் தொடுவதா என்று தெரியாமல் அவள் கையிலிருந்த குடையை வாங்கிக்கொண்டேன்.

வீடு பழைய ஊருக்குள், இரண்டாவது மாடி. நானூறு வருஷத்து மர வீடு என்கிறார்கள். உத்தரம், தூண் எல்லாம் ஓக் மரம், நடுவில் மண்ணும் வைக்கோலும் குழைத்து அடைத்த சுவர். நம் ஊர் மண் சுவரேதான், மேலே மஞ்சள் சுண்ணாம்பு பூசியிருக்கிறார்கள். தரை சமையலறைப் பக்கம் சாய்கிறது. கையில் இருந்த எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்தேன். அது பாட்டுக்கு உருண்டு அடுப்படிக்குப் போய்விட்டது. லூக் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீடு இது!

மே 11

மேசையில் மூன்று பேரும் சாப்பிடுகிறோம். ஸ்பூன் சத்தம் கேட்கிறது. என் ரசத்தை லூக் இரண்டு கிளாஸ் குடித்தார். சக்தி, "நல்லா இருக்குப்பா" என்றாள். புளி அதிகம்தான்.

டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறாராம். அதோடு ஜூன் இருபதாம் தேதி அவளுக்கு ஒரு தேர்வு. வருகிற பயணிகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி வேலைக்கு. தெருத்தெருவாக அழைத்துப் போய் எந்தக் கட்டடம் யார் கட்டியது, எந்தச் சிலைக்கு என்ன கதை என்று சொல்ல வேண்டும். பிள்ளை பிறப்பதற்குள் பாஸ் செய்துவிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

"லூக் ஆபீஸ் போயிடறார். நீங்க கூட வந்து சும்மா கேட்டுட்டு வாங்கப்பா, போதும். சுவத்தைப் பாத்துச் சொல்லிப் பழகினா நிக்க மாட்டேங்குது."

சுவருக்குப் பதில் நான். சரி.

மே 13

முதல் நடை. பிரெஞ்சில் ஆரம்பித்தாள், எனக்கு ஒன்றும் புரியவில்லை. இங்கிலீஷில் சொன்னாள், பாதி புரிந்தது. கடைசியில், "தமிழ்லயே சொல்றேன். தமிழ்ல சொல்ல முடிஞ்சா எந்த பாஷைலயும் சொல்லிடலாம்" என்றாள்.

பூனைச் சந்து என்று ஒரு சந்து. நான் இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். மேலே போகப்போக ஒவ்வொரு மாடியும் கொஞ்சம் வெளியே நீட்டி, கூரைகள் இரண்டும் நெற்றியோடு நெற்றி முட்டுகிற மாதிரி நிற்கின்றன. இந்தக் கூரையிலிருந்து அந்தக் கூரைக்குப் பூனை தாவிவிடுமாம், அதனால் அந்தப் பெயர். 1524இல் ஊரில் பெரிய தீ. பாதி ஊர் சாம்பல். அதற்குப் பிறகு திரும்பக் கட்டிய வீடுகள்தான் இவை.

"மேல ஏன் நீட்டிக் கட்டினாங்கன்னா, வரி கீழ நிலத்துக்கு மட்டும்தான். மேல எவ்வளவு வேணும்னாலும் நீட்டிக்கலாம்" என்றாள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "வரி மட்டுமா அம்முணி? மழைத்தண்ணி? மேல் மாடி நீட்டிட்டிருந்தாத்தான் கீழ்ச் சுவத்துல சொட்டாது. மண்ணு அடைச்ச சுவரு நனைஞ்சா நிக்குமா?"

"புஸ்தகத்துல வரின்னுதான் போட்டிருக்கு."

"எழுதினவன் மழைல வந்து நின்னு பாத்திருக்க மாட்டான்."

நின்று என்னையே பார்த்தாள். "உங்களுக்கு இவ்வளவு பேச வருமாப்பா?"

சந்து முடியும்வரை அந்த மழைத் தண்ணீர் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். ஒருத்தரும் விட்டுக்கொடுக்கவில்லை.

மே 14

இன்றும் போனோம். மழை. குடைக்குள் இரண்டு பேர், இல்லை, மூன்று பேர். அந்தச் சந்தில் நின்று கீழ்ச் சுவரைத் தொட்டுக் காட்டினேன். காய்ந்திருந்தது. அவள் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.

மே 19, ஞாயிறு

பெரிய கோயில். நம் ஊர் ஃபிலோமினா சர்ச்சைப் போல இரண்டு கோபுரம் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். ஒன்றுதான் இருக்கிறது. வலது பக்கம் மொட்டையாக நிற்கிறது.

"இன்னொண்ணு இடிஞ்சு போச்சா?"

"கட்டவே இல்லீங்கப்பா. நானூறு வருஷத்துக்கு மேல வேலை நடந்திருக்கு, அப்புறம் விட்டுட்டாங்க."

எங்கள் டிபார்ட்மெண்ட்டே தேவலை என்று சொல்ல வந்தேன். உள்ளே போனதும் வாய் அடைத்துவிட்டது. சுவரே இல்லை, எல்லாம் கண்ணாடி. சிவப்பு, நீலம், நடுநடுவே மஞ்சள். வெயில் அதன் வழியாக இறங்கி வந்து கல் தரையில் கொட்டிக் கிடக்கிறது. சக்தியின் வெள்ளைச் சட்டை மேல், வயிற்றின் மேல் நீலம் விழுந்திருந்தது. அவள் அதைக் கவனிக்காமல் ஒரு சன்னலைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்: படுத்திருக்கும் ஏசுவின் நெஞ்சிலிருந்து ஒரு திராட்சைக் கொடி முளைத்து, கிளை கிளையாகப் போய், ஒவ்வொரு கிளையிலும் ஒரு சீடர் பூத்திருக்கிறார்.

இவள் இவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதே இல்லை. கையை எப்படி ஆட்டுகிறாள், எந்த இடத்தில் மூச்சு வாங்கி நிறுத்துகிறாள், கதை வரும்போது குரலை எப்படி இறக்குகிறாள்... எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. இருபத்தேழு வயது மகள். யாரோ ஒரு பெண் அழகாகப் பேசுகிறாள், நான் கூட்டத்தில் நின்று கேட்கிறேன் என்பது போல இருந்தது.

"புரியுதுங்களாப்பா?" என்று நடுவில் கேட்டாள்.

"நிறுத்தாம சொல்லு" என்றேன்.

மே 22

கால் வீங்கியிருக்கிறது அவளுக்கு. சுடுதண்ணீரில் கல்லுப்பு போட்டு வாளியை வைத்தேன். "அம்மா வைக்கிற மாதிரியே" என்றாள். கனகா வைத்ததை நான் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

மே 26, ஞாயிறு

இதைச் சரியாக எழுத வேண்டும்.

மதலேன் கோயிலுக்குப் போனோம். ஊரிலேயே பழைய கோயில், சின்னது. அங்கே ஒரு கல் சிலை. ஆள் உயரம். முக்காடு போட்ட பெண். நகை இல்லை, கிரீடம் இல்லை. கண் தாழ்ந்திருக்கிறது. யாரோ ஒன்று சொல்லிவிட்டுப் போக, அதை நினைத்துக்கொண்டு நிற்கிற முகம்.

சக்தி ஆரம்பித்தாள்: "இவங்க மார்த்தா. ஏசு வீட்டுக்கு வந்தப்போ தங்கச்சி கால்கிட்ட உக்காந்து கதை கேட்டுட்டிருந்தா. இவங்க அடுப்படில வந்தவங்களுக்குச் சமைச்சுட்டு, தட்டு எடுத்துட்டு, தண்ணி எடுத்து வெச்சுட்டு..." நிறுத்திவிட்டாள். மறந்துவிட்டது போல என்று நினைத்தேன்.

"அம்மா மாதிரி இல்லீங்கப்பா?"

நான் முட்டாள்தனமாக, "மூக்கு அப்படி இல்ல" என்றேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோயிலில் வேறு யாரும் இல்லை. திரும்பப் பார்த்தேன். "கண்ணு அப்படித்தான்" என்றேன். "வந்தவங்கெல்லாம் சாப்பிட்டுப் போன பொறவு இப்படித்தான் நிப்பா."

"அம்மா கடைசியா என்ன சொன்னாங்கப்பா? நான் வந்து சேரங்காட்டி எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. யாருமே எனக்கு அதைச் சொல்லல. கேட்டா அழறாங்க."

என்னையும் யாரும் கேட்டதில்லை. சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வந்து நின்றது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினவள் திரும்பி, "பால்காரர்கிட்ட நாளைக்கு அரை லிட்டர் போதும்னு சொல்லீருங்க" என்றாள். அதுதான். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. நான் பால்காரரிடம் சொல்லவும் இல்லை. மறுநாள் ஒரு லிட்டர் வந்து வாசலில் இருந்தது.

சக்தி முதலில் சிரித்தாள். அரை லிட்டர்... அரை லிட்டராம்ப்பா... என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு அழுதாள். நானும்தான். என் கர்ச்சீப்பை அவளுக்குக் கொடுத்துவிட்டுச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டேன். மெழுகுவத்தி விற்கும் கிழவி ஒருத்தி தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, பார்க்காதது போல அப்பால் போனாள். நல்லவள்.

வீட்டுக்கு வரும்வரை கனகாவைப் பற்றியே பேசினோம். எவ்வளவு இருக்கிறது பேச!

ஜூன் 2

அதே கோயிலில் கல்லால் ஒரு பாலம் இருக்கிறது. பாலம் என்று நான் சொல்கிறேன். உண்மையில் கோயிலின் உள்பகுதியையும் வெளிப்பகுதியையும் பிரிக்கும் குறுக்கு மாடம். இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண்வரை நடுவில் தாங்கல் இல்லை. மூன்று வளைவுகள் வந்து அந்தரத்தில் தொங்குகின்றன. கல்லை நூலாக்கிப் பின்னியது போல வேலை. கீழே நின்று எனக்குக் கழுத்து வலித்தது.

கட்டியவரை இதற்குக் கீழேயே புதைத்திருக்கிறார்களாம். "இது தலைமேல் விழும் என்ற பயமில்லாமல் இங்கே படுத்திருக்கிறேன்" என்று அவருடைய கல்லறையில் எழுதியிருந்ததாகச் சொன்னாள். என்ன தைரியம்! நான் கட்டின பாலத்துக்குக் கீழே படுப்பேனா? நஞ்சன்கூடு பக்கம் கட்டியதற்குக் கீழே படுக்கலாம். மற்றதைப் பற்றிச் சொல்ல மாட்டேன். இதைச் சக்தியிடமும் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தேர்வில் இதையும் சேர்க்கப் போகிறாளாம், என் பெயரைச் சொல்லாமல்.

ஜூன் 11, செவ்வாய்

ஆஸ்பத்திரி வராந்தா. லூக் உள்ளே இருக்கிறார். எழுதாவிட்டால் இந்த நாற்காலியில் உட்கார முடியாது.

காலையில் மதலேன் கோயில். தேர்வு நெருங்கிவிட்டது என்று முழுசாக ஒருமுறை சொல்லிப் பார்க்க வந்தாள். குறுக்கு மாடத்துக்குக் கீழே நின்று கையைத் தூக்கிக் காட்டினவள் அப்படியே நின்றாள். "அப்பா" என்றாள். கீழே பார்த்தேன். கல் தரை நனைந்திருந்தது.

இன்னும் ஒரு மாசம் இருக்கே! ஐயோ, இன்னும் ஒரு மாசத்துக்கு மேலயே இருக்கே!

எந்த பாஷை வருகிறது என்றே தெரியாமல் கத்தினேன். "யாராதரூ பன்னி! பன்னி ஸ்வாமி!" யாராவது வாங்க என்று கன்னடத்தில். மைசூர் ரோட்டில் விபத்து நடந்தால் கத்துவது போல. அந்தக் கோயில் முழுக்க அது எதிரொலித்தது. மெழுகுவத்திக் கிழவி ஓடி வந்தாள், பார்த்தாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன் இருக்கிற அறைக்கு ஓடினாள். அந்த வயசில் அப்படி ஓடுவாள் என்று நினைக்கவில்லை.

ஆம்புலன்ஸில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். சக்தி என் கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிகிறது. "சீக்கிரம்ப்பா இது... ரொம்ப சீக்கிரம்... ஏதாச்சும் ஆயிடுமா?"

"ஆகாது சாமி."

"பேசுங்கப்பா. நிறுத்தாம ஏதாச்சும் பேசிட்டே வாங்க."

என்ன பேசுவது? எனக்கு என்ன தெரியும்? பிரசவத்தைப் பற்றிக் கனகாவுக்குத்தான்... வாய்க்கு வந்தது ஒன்றுதான். "இது பூனைச் சந்து" என்றேன். "மேல் மாடி எல்லாம் நீட்டிட்டு இருக்கு பாத்தியா. பூனை இங்கிருந்து அங்க தாவிடும். ஊர்ல பெரிய தீ புடிச்சுது. ஆயிரத்தைநூத்தி இருபத்தஞ்சுல..."

"இருபத்திநாலு" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு. கண் மூடியிருந்தது.

"இருபத்திநாலு. பாதி ஊர் போச்சு. பொறவு ஓக் மரத்தை வெட்டிட்டு வந்து, மண்ணும் வைக்கோலும் மிதிச்சு, திரும்பக் கட்டினாங்க..." ஊர் முழுக்கச் சொன்னேன். கூட இருந்த இளைஞன் என்ன நினைத்தானோ. ஒற்றைக் கோபுரம், நெஞ்சிலிருந்து முளைத்த கொடி, மார்த்தா. வலி வரும்போது என் கையை நசுக்குவாள், வலி விட்டதும் "அப்புறம்?" என்பாள். வண்டி நின்றது. கதவு திறந்தது. இழுத்துக்கொண்டு ஓடினார்கள். நான் அரை வாக்கியத்தில் நின்றேன்.

கனகா, நீ இருந்திருக்க வேண்டும்.

ஜூன் 11, சாயங்காலம்

பெண் குழந்தை. இரண்டு கிலோகூட இல்லை. மூச்சுக்குச் சிரமப்படுகிறதாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். சக்தி நன்றாக இருக்கிறாள்.

ஜூன் 12

என்னை இன்னும் உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். எத்தனை ஒயர். மார்பு ஏறி இறங்குகிறது. நான் அதோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன், நர்ஸ் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது.

ஜூன் 13

பூண்டுக் குழம்பு வைத்து எடுத்துப் போனேன். லூக்கும் நானும் பஸ்ஸில் போனோம். மூன்று நாளாகச் சவரம் செய்யாமல் கிழவன் போல இருக்கிறார். இறங்கும்போது, "மாமா, ஐ ஆம் அஃப்ரெய்ட்" என்றார். "மீ டூ" என்றேன். மாமனாரும் மாப்பிள்ளையும் இப்படிப் பேசிக்கொண்டு நம் பக்கத்தில் பார்த்ததில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டே ரோட்டைக் கடந்தேன்.

சக்தி குழம்புச் சாதம் முழுவதும் சாப்பிட்டாள். பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். "நான்தான் நடந்து நடந்து இப்படிப் பண்ணிட்டேன். தேர்வு தேர்வுன்னு."

இந்த மாதிரி சமயத்தில் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். கனகா பார்த்துக்கொள்வாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "டாக்டரே நடக்கச் சொன்னாரு அம்முணி. நீயும் எட்டாம் மாசத்துல பொறந்தவதான். செல்வாம்பா ஆஸ்பத்திரில. பொழைக்காதுன்னாங்க. உங்கம்மா உன்னைத் துணில சுத்தி நெஞ்சோட கட்டிட்டு ராவும் பகலும் உக்காந்திருந்தா. நான் வராந்தாவுல நின்னுட்டிருந்தேன். உள்ள வந்து பாக்கப் பயம்."

அவள் இந்தப் பக்கம் திரும்பினாள். "இது எனக்குத் தெரியாதே."

"நான் யாருகிட்டயும் சொல்லல."

"இன்னும் சொல்லுங்க" என்றாள்.

ஜூன் 16, ஞாயிறு

ஒயர்களில் ஒன்றை எடுத்துவிட்டார்கள்.

ஜூன் 20

இன்று தேர்வு நாள். அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. குழந்தையை முதல்முறை நெஞ்சின் மேல் படுக்க வைத்தார்கள். சக்தி அசையாமல், மூச்சுகூடச் சத்தம் வராமல் படுத்திருந்தாள். எனக்கும் அனுமதி உண்டு என்றார்கள். கையைக் கழுவி, மேலே ஒரு பச்சை அங்கி மாட்டிக்கொண்டு போனேன். ஒரு விரலை நீட்டினேன். பிடித்துக்கொண்டது.

அறைக்கு வெளியே வந்து லூக்கைப் பார்த்ததும் அவரும் அழுதார், நானும் அழுதேன். இந்த ஊருக்கு வந்து அழுகைக்குக் கூச்சம் விட்டுப்போய்விட்டது.

ஜூலை 4

குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது. எலுமிச்சம்பழம் உருளும் வீட்டுக்கு! தொட்டிலின் இரண்டு கால்களுக்கு அடியில் மரக்கட்டை செதுக்கிக் கொடுத்து மட்டம் பார்த்து நிறுத்தினேன். லூக் கட்டையைப் பிடித்தார், நான் குனிந்து பார்த்தேன். இப்போது நேராக நிற்கிறது.

கனகா என்று பேர் வைக்கலாமா என்று சக்தி கேட்டாள். "வேண்டாம் அம்முணி. நீ அவளை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டா நான் அடுப்படியைத் திரும்பிப் பாப்பேன்" என்றேன். மனிஷா என்று வைத்திருக்கிறார்கள். இரண்டு ஊர் வாயிலும் நுழைகிறது.

ஜூலை 27

நாளை புறப்படுகிறேன். சக்தி, குழந்தையை லூக்கிடம் விட்டுவிட்டு என்னோடு நடக்க வந்தாள். இந்தத் தடவை எதையும் சொல்லிக்காட்டவில்லை. உர்பென் என்ற இன்னொரு கோயிலுக்குள் மட்டும் கூட்டிப் போனாள். அங்கே ஒரு சின்ன மாதா சிலை, கைக்குழந்தை. கையில் திராட்சைக் குலை. அந்தத் திராட்சையை ஒரு குருவி கொத்துகிறது. அம்மா அதைப் பார்த்துச் சிரிக்கிறாளா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு சிரிப்பு.

"இதுக்கு என்ன கதை?"

"கதை ஒண்ணும் வேணாங்கப்பா. சும்மா பாருங்க."

பார்த்தோம்.

1996 ஆகஸ்ட் 4. மைசூர்

வீடு தூசியாகக் கிடந்தது. மல்லம்மா சாவி கொடுக்க வந்து, போட்டோ எல்லாவற்றையும் பார்த்து, "ஆம்பளை போய் என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். "பேசிட்டிருந்தேன்" என்றேன். நம்பவில்லை.

அக்டோபர் 13

சக்தி தேர்வு எழுதி, ஊரையும் சுற்றிக் காட்டி, பாஸ் செய்துவிட்டாள். தள்ளிப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மேல் மாடி ஏன் நீட்டியிருக்கிறது என்று கேட்டார்களாம். "ரெண்டு காரணம் சொன்னேன். ஒண்ணு வரி. இன்னொண்ணு மழை" என்றாள். "மழையை மொதல்ல சொன்னியா?" "இல்ல." "அதான பாத்தேன்" என்றேன்.

1997 டிசம்பர் 21, ஞாயிறு

மூன்று பேரும் வந்து ஒரு வாரமாகிறது. மனிஷா வீடு முழுக்க நடக்கிறாள், விழுகிறாள், யாரும் தூக்கக் கூடாது. லூக் காலையிலேயே தேவராஜா மார்க்கெட்டுக்குப் பூ பார்க்கப் போய்விட்டார்.

மாதேஸ்வரன் மலையில் குழந்தைக்கு மொட்டை போட வேண்டும் என்கிறாள் சக்தி, அதுவும் நாளைக்கே. நான் முடியாது என்றேன். பிள்ளைக்கு மூன்று நாளாக இருமல். மார்கழிக் குளிர். அந்த மலைப் பாதையில் பஸ் வளைந்து வளைந்து ஏறுவதற்குள் பெரியவர்களுக்கே குடல் வாய்க்கு வருகிறது.

"எனக்குப் புள்ளை பொறந்தா மொட்டை போடறதா அம்மா அப்பவே நேர்ந்துக்கிட்டதுப்பா."

"உங்கம்மா இருந்திருந்தா இருமற புள்ளையைக் கூட்டிட்டுப் போவாளா? தைல பாட்டிலோட இங்கயே உக்காந்திருப்பா."

"அம்மாவைப் பத்தி எனக்குத் தெரியாதாக்கும்?"

"எனக்குத் தெரியாதாக்கும்?"

"நீங்க எப்பவும் இப்படித்தான், ஒரே பிடிவாதம்!"

"நீ மட்டும் என்ன? மழைத்தண்ணியை ஒத்துக்க அஞ்சு மாசம் ஆச்சு உனக்கு!"

சத்தம் தெருவரைக்கும் போயிருக்கும். மனிஷா தரையில் உட்கார்ந்து ஒருமுறை என்னையும் ஒருமுறை அவளையும் பார்த்தாள். மல்லம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, என்ன ஆச்சோ என்று ஓடி வந்தார். "ஏனாயித்து? ஏனாயித்து? நீ உக்காரு சக்தி. என்ன வேணும்னு என்கிட்ட சொல்லு, அப்பாகிட்ட நான் சொல்றேன்."

சக்தி என்னைப் பார்த்தாள்.

"ஏனூ இல்ல ஆண்ட்டி, ஒண்ணுமில்ல" என்றாள். "நானும் அப்பாவும் பேசிட்டிருக்கோம்."